வீசப்பட்ட வெண்கலத் தட்டு

1936ஆம் ஆண்டில் ஒரு நாள், பின்னிரவு நேரம். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் ரீனோ கிளப் என்னும் இசை விடுதியில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அன்றைய நிகழ்ச்சி முடிந்துவிட்டது. ஆனால், கலைஞர்கள் வீடு திரும்பவில்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகும் தங்கள் மகிழ்ச்சிக்காகக் கூடி வாசிப்பது அந்நகர ஜாஸ் கலைஞர்களின் வழக்கம். அதனை ‘ஜாம்’ என்று அழைப்பார்கள். அந்த மேடையில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஈடுகொடுக்க முடியாதவர் இறங்கிவிட வேண்டும்.

அன்று மேடையேறியவர்களுள் ஒருவன் பதினாறு வயதுகூட நிரம்பாத சிறுவன். பெயர் சார்லி பார்க்கர். கையில் சாக்ஸபோன். அவனுக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் ஜோ ஜோன்ஸ். நாடெங்கும் புகழ்பெறவிருந்த கவுண்ட் பேசி இசைக்குழுவின் தாளக் கலைஞர் அவர்.

சிறுவன் தொடக்கத்தில் நன்றாகத்தான் வாசித்தான். பிறகு, தன் திறமையைக் காட்டும் ஆவலில் புதிதாக எதையோ முயன்றான். பாட்டின் போக்கு கைநழுவியது, தாளக்கணக்கும் தவறியது. ஜோ ஜோன்ஸ் தம்முடைய டிரம்ஸில் இருந்த ‘சிம்பல்’ என்னும் வெண்கலத் தட்டை ஓங்கித் தட்டினார். அக்காலத்து வானொலிப் போட்டி ஒன்றில், சரியாகப் பாடாதவரை வெளியேற்ற மணியடிப்பார்கள். அதுபோன்ற மணியோசைதான் அது. சிறுவன் புரிந்துகொள்ளாமல் வாசித்துக்கொண்டே இருந்தான். மறுபடியும் தட்டினார். அவன் நிறுத்தவில்லை. ஜோன்ஸ் அந்தத் தட்டைக் கழற்றித் தரையில் வீசினார். அது பேரொலியுடன் சிறுவனின் காலடியில் வந்து விழுந்தது. விடுதியே சிரித்தது. சார்லி மேடையை விட்டு இறங்கினான்.

ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் அதே சார்லி பார்க்கர் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றினார். ‘பீபாப்’ என்னும் புதிய இசைமுறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராக அவர் போற்றப்படுகிறார்.

இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் எண்ணம் எளிதில் தோன்றிவிடும். அந்தத் தட்டு வீசப்பட்டதால்தான் அவர் மேதையானார் என்பதே அந்த எண்ணம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விப்லாஷ்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் இந்த எண்ணத்தின் மீதே எழுப்பப்பட்டது. டேமியன் சசெல் இயக்கிய அப்படத்தில் ஃபிளெட்சர் என்றோர் இசை ஆசிரியர் வருகிறார். டிரம்ஸ் பயிலும் ஆண்ட்ரூ என்ற மாணவனை அவர் எல்லார் முன்னிலையிலும் இழிவாகப் பேசுகிறார்; கன்னத்தில் அறைகிறார்; அவன் மீது நாற்காலியை எறிகிறார். இவற்றையெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரே விடைதான் இருக்கிறது. அது சார்லி பார்க்கரின் கதை.

ஆனால், ஃபிளெட்சர் சொல்லும் கதையில் அந்தத் தட்டு காலடியில் விழுவதில்லை. அது சிறுவனின் தலையைக் குறிவைத்து வருகிறது. நூலிழையில் அவன் உயிர் தப்புகிறான். அழுதபடி உறங்கும் சிறுவன் மறுநாள் காலையில் எழுந்து பயிற்சி செய்கிறான். ஓராண்டு விடாமல் பயிற்சி செய்கிறான். அதே மேடைக்குத் திரும்பி வந்து உலகமே கேட்டிராத இசையை வழங்குகிறான். இடையில் வேறு யாருமே இல்லை. வீசியவர் ஒருவர், வென்றவன் ஒருவன், அவ்வளவுதான்.

ரீனோ கிளப்பில் அன்று உடனிருந்த பாஸ் இசைக்கலைஞர் ஜீன் ரேமி பின்னாளில் கூறிய கதையில் தட்டு தரையில்தான் விழுந்தது. அந்த நிகழ்ச்சியை உலகம் அறிந்துகொண்டதற்கு முதன்மையான காரணம் அவருடைய சாட்சியமே. காலடிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சிறிது என்று தோன்றலாம். கொடுமையை நியாயப்படுத்த விரும்பும் ஓர் ஆசிரியருக்கு அந்த இடைவெளி மிகவும் தேவைப்பட்டது. அதே படத்தில், தம்முடைய முன்னாள் மாணவன் ஒருவன் கார் விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்லி ஃபிளெட்சர் வகுப்பில் கண் கலங்குகிறார். உண்மையில் அந்த இளைஞன் மன உளைச்சல் தாளாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவன் என்பது பிறகு தெரியவருகிறது. அந்தக் கதையையும் ஆசிரியர் தமக்கு ஏற்றவாறு மாற்றித்தான் சொல்லியிருந்தார்.

திரைக்கதையை விட்டுவிட்டு உண்மையான சார்லியிடம் வருவோம்.

சார்லி பார்க்கர் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் பிறந்தான். தந்தை குடும்பத்தோடு நிலையாக இருக்கவில்லை. தாயார் ஆடி பார்க்கர் இரவு நேரத்தில் துப்புரவு வேலை செய்து மகனை வளர்த்தார். அந்த வருமானத்தில் பணம் சேர்த்து, பழைய சாக்ஸபோன் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். தாய் வேலைக்குச் சென்ற இரவுகளில் மகன் இசை விடுதிகளைச் சுற்றித் திரிந்தான். அக்காலத்துக் கான்சாஸ் சிட்டியில் விடுதிகள் விடிய விடியத் திறந்திருக்கும். கருப்பினக் கலைஞர்கள் பலர் அங்கு வந்து குவிந்திருந்தனர். ரீனோ கிளப்பில் வாசித்த லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் கலைஞரைக் கேட்பதற்காகவே சிறுவன் அங்குப் போவான்.

தட்டு வீசப்பட்டது அவனுக்கு நேர்ந்த முதல் அவமானம் அன்று. அதற்கு முன்பே வேறொரு விடுதியில் அவன் மேடையேறியிருந்தான். அப்போது அவனுக்குத் தெரிந்தவை ஒரு முழுப் பாடலும் மற்றொரு பாடலின் எட்டு அடிகளும் மட்டுமே. பாடல்களை வெவ்வேறு சுருதிகளில் வாசிக்க வேண்டியிருக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. மெதுவாகச் செல்லும் பாடல் ஒன்றை இரட்டை வேகத்தில் வாசிக்க முயன்றபோது அங்கிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதனைப் பார்க்கரே 1949ஆம் ஆண்டில் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார். வீட்டுக்குப் போய் அழுததாகவும் அதன் பின்னர் மூன்று மாதங்கள் சாக்ஸபோனை வாசிக்கவே இல்லை என்றும் அவர் சொன்னார்.

மூன்று மாதங்கள்! சிரிப்பு அவனை உடனடியாகப் பயிற்சி அறைக்கு அனுப்பவில்லை. கருவியைத் தொடவிடாமல்தான் செய்தது. அவன் மீண்டும் எடுத்து வாசித்தான். அது அவனுடைய இயல்பு. அதே விடுதிகளில் அதுபோலவே சிரிக்கப்பட்டு, அதன் பிறகு கருவியைத் தொடாமலேயே போன சிறுவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அதனால்தான் ‘அவமானம் மேதையை உருவாக்கும்’ என்ற கதை இவ்வளவு அழகாக நிற்கிறது. தோற்றுப் போனவர்களைப் பற்றிப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

சார்லியின் சிக்கல் சோம்பல் அன்று. அவனுக்கு ஆர்வம் மிகுதி; அறிவுதான் குறைவு. ஜாஸ் இசையில் ஒவ்வொரு பாடலுக்கும் அடிப்படையாகச் சில சுரக்கூட்டுகள் உண்டு. சுரக்கூட்டு என்பது பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது. பாடல் நகர நகர இந்தக் கூட்டுகள் குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே இருக்கும். தனி வாசிப்புச் செய்பவர் அந்த வரிசையை மனத்தில் கொண்டு, அதன் மேல் தம் கற்பனையில் புதிய இசையைக் கட்டியெழுப்ப வேண்டும். கர்நாடக இசைக்கலைஞர் இராகத்தின் இலக்கணம் மாறாமல் மனோதர்மத்தில் சுரம் பாடுவதோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். வரிசை தெரியாதவன் எவ்வளவு வேகமாக விரல்களை ஓட்டினாலும் வழி தவறிவிடுவான். வீசப்பட்ட தட்டு, ‘நீ தவறாக வாசிக்கிறாய்’ என்று மட்டுமே அவனிடம் சொன்னது. எது தவறு, அதனை எப்படித் திருத்துவது என்பதைச் சொல்ல ஒரு வெண்கலத் தட்டால் இயலாது.

அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு சிலர்.

1937ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் சார்லிக்கு ஒரு வேலை கிடைத்தது. ஜார்ஜ் லீ என்பவரின் இசைக்குழுவோடு மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைப்பகுதியில் உள்ள ஓர் உல்லாச விடுதியில் வாசிக்க வேண்டும். அந்தக் குழுவில் கேரி பவல் என்ற பியானோ கலைஞரும் எஃபர்ஜ் வேர் என்ற கிட்டார் கலைஞரும் இருந்தனர். பியானோவும் கிட்டாரும் சுரக்கூட்டுகளை வாசிக்கும் கருவிகள். சாக்ஸபோனில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். எனவே, கூட்டு எப்படி அமைகிறது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படிச் செல்கிறது என்பதை அவர்கள் தங்கள் கருவிகளில் வாசித்துக் காட்டினார்கள். சார்லி கேட்டான், திருப்பி வாசித்தான், மீண்டும் கேட்டான்.

அவன் தன்னோடு சில இசைத்தட்டுகளையும் எடுத்துச் சென்றிருந்தான். அவை கவுண்ட் பேசி குழுவினர் பதிவு செய்தவை. அவற்றில் லெஸ்டர் யங் வாசித்த பகுதிகளை மறுபடியும் மறுபடியும் ஓடவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் மனப்பாடம் செய்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த இசைத்தட்டுகளில் லெஸ்டர் யங்கிற்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தவர் வேறு யாருமில்லை, ஜோ ஜோன்ஸ்தான். மேடையில் தன்னை இறக்கிவிட்ட மனிதரின் தாளத்தோடுதான் சிறுவன் அந்தக் கோடை முழுவதும் பழகினான். தட்டை வீசிய கைகளைவிடத் தாளத்தை வழுவாமல் காத்த அதே கைகள் அவனுக்குப் பெரும் பயன் அளித்திருக்க வேண்டும்.

மலையிலிருந்து திரும்பியவனின் வாசிப்பைக் கேட்டவர்கள் வியந்தார்கள். பழைய சார்லியா இவன் என்றார்கள். அதன் பிறகு பஸ்டர் ஸ்மித் என்ற மூத்த சாக்ஸபோன் கலைஞர் அவனைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஸ்மித் தம் பங்கைச் சிறுவனோடு பகிர்ந்துகொண்டார். தாம் இரண்டு சுற்று வாசித்தால் அவனையும் இரண்டு சுற்று வாசிக்க வைத்தார். சார்லி அவரைத் தந்தையைப் போலக் கருதினான். பார்க்கரின் வாசிப்பில் ஸ்மித்தின் சாயல் இருப்பதை இசை வல்லுநர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ‘விப்லாஷ்’ படத்து ஆசிரியரின் கதையில் பவல் இல்லை, வேர் இல்லை, ஸ்மித்தும் இல்லை.

கடும் உழைப்பும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டில் வானொலியில் பால் டெஸ்மண்ட் என்ற சாக்ஸபோன் கலைஞர் பார்க்கரிடம் அவருடைய பயிற்சியைப் பற்றிக் கேட்டார். மூன்று, நான்கு ஆண்டுகள் நாள்தோறும் 11 முதல் 15 மணி நேரம் பயிற்சி செய்ததாகப் பார்க்கர் விடையளித்தார். அண்டை வீட்டார் தொல்லை தாங்காமல், வீட்டைக் காலி செய்யும்படி தம் தாயாரிடம் கேட்கும் அளவுக்குப் போனார்களாம். தட்டு வீசப்பட்ட அவமானம் அந்தப் பயிற்சிக்கு ஒரு தூண்டுகோலாக இருந்திருக்கலாம். ரேமியும் அப்படித்தான் எண்ணினார். ஆனால், ஒரு பொழுது நெஞ்சில் பட்ட சுடுசொல்லையும் ஆண்டுக்கணக்கில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்த பொறுமையையும் ஒரே தராசில் வைப்பது முறையாகாது.

1939ஆம் ஆண்டில் பார்க்கர் நியூயார்க் சென்றார். முதலில் உணவு விடுதியில் பாத்திரம் கழுவினார். பிறகு, எக்காளக் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டு நவம்பரில் அவர் பதிவு செய்த ‘கோ-கோ’ என்ற இசையின் வேகமும் நுட்பமும் இளம் கலைஞர்களைத் திகைக்க வைத்தன. ‘பேர்ட்’, அதாவது பறவை என்பது அவருடைய செல்லப்பெயர். 1949ஆம் ஆண்டில் நியூயார்க்கில் திறக்கப்பட்ட இசை விடுதி ஒன்றுக்கு அந்தப் பெயரை ஒட்டி ‘பேர்ட்லேண்ட்’ என்றே பெயரிட்டார்கள்.

இந்தப் புகழின் மறுபக்கம் இருண்டது. பதின்ம வயதில் கார் விபத்தொன்றில் அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. உடன் வந்த நண்பர் ஒருவர் உயிரிழந்தார். ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே பார்க்கர் போதைப்பொருளுக்கு அடிமையாகிவிட்டார். அந்தப் பழக்கம் அவரை இறுதி வரை விடவில்லை. இளம் வயதிலேயே திருமணம் செய்துகொண்டவர் மனைவியையும் மகனையும் விட்டுப் பிரிந்தார். கருவியை அடகு வைத்தார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளுக்கு வரத் தவறினார். 1946ஆம் ஆண்டில் உடலும் மனமும் நிலைகுலைந்து, கலிபோர்னியாவில் ஒரு மனநல மருத்துவமனையில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருந்தார். 1954ஆம் ஆண்டில் அவருடைய சிறு மகள் நோயால் இறந்தாள். அந்தத் துயரத்திலிருந்து அவர் மீளவில்லை. 1955ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பார்க்கர் காலமானார். உடலைப் பார்த்த மருத்துவர் இறந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் என மதிப்பிட்டார். அவருடைய உண்மையான வயது 34.

அவர் வாழ்ந்த காலத்திலேயே அவரைப் பற்றி இன்னொரு தவறான கதையும் பரவியது. பார்க்கரைப் போல வாசிக்க ஆசைப்பட்ட இளைஞர்கள் சிலர் அவருடைய வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தார்கள். மேடையில் அவருடைய விரல்களைக் கண்டார்கள். மேடைக்கு வெளியே அவருடைய போதைப் பழக்கத்தைக் கண்டார்கள். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று முடிவு செய்தார்கள். மலைப்பகுதியில் கழிந்த கோடையும் 15 மணி நேரப் பயிற்சியும் அவர்கள் கண்ணில் படவில்லை. தட்டு வீசப்பட்டதால் மேதையானார் என்று நம்புவோர் செய்யும் அதே பிழையை இவர்களும் செய்தார்கள். ஆனால், இவர்கள் கொடுத்த விலை மிக அதிகம். திறமை மிக்க இளம் கலைஞர்கள் பலர் அந்தப் பழக்கத்தில் சிக்கிச் சீரழிந்தார்கள். இது பார்க்கரை மிகவும் வருத்தியது. தம்மைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று அவர் இளையோரிடம் எச்சரித்து வந்தார்.

அவர்களுள் ஒருவர் சோனி ரோலின்ஸ். பார்க்கரைவிடப் பத்து வயது இளையவர். அவரும் சாக்ஸபோன் கலைஞர். 1953ஆம் ஆண்டு சனவரியில் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசைப்பதிவு ஒன்றில் பார்க்கரும் ரோலின்ஸும் சேர்ந்து வாசித்தனர். ரோலின்ஸ் அப்போது போதைப் பழக்கத்தில் இருந்தார். நீ நலமாக இருக்கிறாயா, அதை விட்டுவிட்டாயா என்ற பொருளில் பார்க்கர் கேட்டார். விட்டுவிட்டேன் என்று ரோலின்ஸ் பொய் சொன்னார். பார்க்கரின் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் வேறொருவர் மூலம் உண்மை வெளிப்பட்டது. பார்க்கர் திட்டவில்லை, எதையும் எடுத்து வீசவுமில்லை. அவர் முகம் வாடிப்போனதை மட்டும் ரோலின்ஸ் பார்த்தார். அந்த முகத்தை அவரால் மறக்க முடியவில்லை என்று பல ஆண்டுகள் கழித்தும் அவர் சொல்லி வந்தார்.

ரோலின்ஸ் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் இருந்த அரசு மருத்துவமனையில் தாமாகவே சிகிச்சைக்குச் சேர்ந்தார். அங்கே மாதக்கணக்கில் தங்கி, அந்தப் பழக்கத்திலிருந்து விடுபட்டார். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பார்க்கரை நேரில் பார்த்து, இம்முறை உண்மையிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என எண்ணியிருந்தார். அவர் சிகிச்சையில் இருந்தபோதே நியூயார்க்கிலிருந்து பார்க்கர் இறந்த செய்தி வந்தது.